கோசுத் தோட்டத்து வெள்ளைப் பூச்சியும் வேலியோரத்து வெள்ளைப் பூச்சியும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



வடகிழக்குப் பருவமழை தொடங்குகின்ற ஐப்பசி மாதத்தில், தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், வண்டலூர் முதலிய ஊர்களின் வேலியோரங்களில் வெண்ணிறப் பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாய்ப் பறந்து திரிவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். ஒன்று தாழப் பறக்கும். ஒன்று கீரைப் பாத்தியின்மேல் ஒரு கணம் அமரும். மற்றொன்று வாய்க்கால் ஓரத்து ஈரமணலில் சிறகை மடித்து நெடுநேரம் நிற்கும். வேறு வேலையின்றி வழிச்செல்பவனுக்கு இது மனத்துக்கு இனிய காட்சி. கீரை பயிரிடுகிறவனுக்கோ அவ்வாறில்லை. “பூச்சி வந்துவிட்டது, இனிப் புழு வைக்கும்” என்ற அச்சம் அவன் மனத்தில் எழுகிறது. மறுநாளே மருந்துக் கடைக்குப் போகிறான். சங்கத்தில் பயிருக்காக வாங்கிய கடனில் ஒரு பகுதி விஷமருந்தாக மாறிப் பாத்தியில் விழுகிறது. அந்தக் கீரை இரண்டொரு நாளில் சென்னைச் சந்தைக்குப் போய், ஏதோ ஒரு வீட்டில் குழந்தையின் சோற்றோடு கலக்கிறது.

இவ்வளவும் எதற்காக என்று விசாரித்தால், வியப்பான விடை கிடைக்கும். தாம்பரத்துச் சமவெளியில் பறக்கும் அவ்வெள்ளைப் பூச்சிகளில் எதுவும் முளைக்கீரையிலாவது, சிறுகீரையிலாவது, அரைக்கீரையிலாவது புழு வைப்பதில்லை. அவற்றின் புழுவை எடுத்து அக்கீரையின்மேல் வைத்தாலும் அது அதைத் தின்னாமல் பட்டினி கிடந்து மடியும். குற்றம் செய்யாதவனுக்குத் தண்டனை விதித்து, அதற்கான செலவையும் தண்டிப்பவனே கொடுப்பது போன்றது இந்த ஏற்பாடு. உண்மையான குற்றவாளியோ சாம்பல் நிறத்தில், ஒரு நெல்மணி அளவில், இலையடியில் ஒளிந்திருக்கிறான். அவனைப் பற்றிப் பின்னர் சொல்லப்படும்.

வெள்ளைப் பூச்சியின்மேல் இந்தப் பழி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கோசுத் தோட்டங்களை மொட்டையடிக்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சி என்று ஒன்று உலகத்தில் மெய்யாகவே இருக்கிறது. ஐரோப்பாவில் அதைப் பெரிய வெள்ளை என்பார்கள். இந்தியாவில் அது இமயமலைச் சாரலிலும் வடநாட்டுச் சமவெளிகளிலும் வாழ்கிறது. குளிர்காலத்தில் கீழே இறங்கிக் கடுகு, முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி முதலியவற்றில் புழு வைக்கும். வெயில் ஏறியவுடன் மலைக்குப் போய்விடும். முன்சிறகின் நுனி மைதொட்டது போல் கறுத்திருக்கும். பெண்ணுக்கு அதே சிறகில் இரண்டு கரும்புள்ளிகள் உண்டு. இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் முட்டைகளை ஐம்பதும் அதற்கு மேலுமாக ஒரே குவியலாய் இடும். புழுக்கள் ஒன்றாய்க் கூடித் தின்று, நரம்பை மட்டும் விட்டுவைக்கும். இதன் நெருங்கிய உறவான இந்தியக் கோசு வெள்ளை தமிழ்நாட்டில் நீலகிரி, பழனி முதலிய உயர்ந்த மலைகளில் உண்டு. அது முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடுகிற வகை. இவ்விரண்டும் தாம்பரத்துப் பக்கத்தில் குடியிருப்பவை அல்ல. வெயில் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

நியூசிலாந்து தேசத்தில் இப்பெரிய வெள்ளை 2010-ஆம் ஆண்டு நெல்சன் என்னும் நகரத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது. அந்நாட்டிற்கே உரிய கடுகினச் செடிகளையும் அது அழித்துவிடுமென்று அஞ்சிய சர்க்கார், வீடுவீடாய்த் தோட்டங்களைச் சோதித்தார்கள். 2013-இல் பள்ளி விடுமுறையின்போது, பிடித்துவரும் ஒவ்வொரு பூச்சிக்கும் 10 டாலர் என்று பிள்ளைகளுக்குப் பரிசு விதித்தார்கள். 2016-இல் அது அத்தேசத்தினின்று அடியோடு ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். எந்தப் பூச்சி எது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்ததால் அக்காரியம் கைகூடிற்று. ஆள் தெரியாமல் அடிக்கும் அடி எங்கும் பலிப்பதில்லை.

இனி, இவ்வினத்தின் பிறப்பு வளர்ப்பைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். சிறு பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் சங்கதிதானே என்று பெரியவர்கள் தள்ளிவிடுவதுண்டு. ஆனால் பணம் மிச்சமாகும் வழி அதற்குள்ளேதான் இருக்கிறது.

முட்டை, தலைகீழாக அன்றி நேராய் நிற்க வைத்த சிறு குப்பியைப் போன்றது. நீளவாட்டில் வரிவரியாய் மேடுகள் ஓடும். இட்டபோது வெளுத்து, பின் மஞ்சளாகும். இந்நாட்டுச் சூட்டில் மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். வெளிவந்த புழு பெரும்பாலும் முதலில் தின்பது தான் பிறந்த முட்டையோட்டையே. பிறகு இலை. அதன் தோல் வளர்வதில்லை. ஆகையால் உடல் பருக்கப் பருக்கப் பழைய சட்டையைக் கழற்றிப் புதுச் சட்டை தரிக்கிறது. நான்கு முறை இவ்விதம் தோலுரித்தபின், ஏறக்குறைய இரண்டு வாரத்தில், தின்பதை நிறுத்தி இடம் தேடி நடக்கும். தண்டிலோ, இலையடியிலோ, சுவரோரத்திலோ ஒரு சிறு பட்டுத்திண்டு நெய்து, அதில் வாலை ஊன்றிக்கொள்ளும். பின்பு இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, பனையேறி தளைநாரில் சாய்ந்து நிற்பது போல் அந்நூலில் சாய்ந்து நிற்கும். கடைசித் தோலும் கழன்றால், உள்ளே இருப்பது கூட்டுப்புழு. இவ்வினத்துக் கூட்டுப்புழுவின் தலை கூர்மையாய் நீண்டிருக்கும். பச்சைத் தண்டிலிருந்தால் பச்சையாகவும், காய்ந்த கொம்பிலிருந்தால் பழுப்பாகவும் தோன்றுவது பலவற்றின் வழக்கம். பறவையின் கண்ணுக்குத் தப்ப வேறு ஆயுதம் அதற்கு இல்லை.

ஒரு வாரம் சென்றபின் காலை வேளையில் அந்தக் கூடு வெடிக்கிறது. வெளிவரும் பூச்சியின் சிறகு நனைந்த துணியைப்போல் சுருண்டு கிடக்கும். அது கொம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, உடலில் உள்ள நீரைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்துகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறகு விரிகிறது. உலர்ந்து விறைக்கச் சிறிது நேரம் ஆகும். அந்நேரத்தில் எறும்பு வந்தாலும் ஓணான் வந்தாலும் அதற்குத் தப்ப வழியில்லை. தப்பியது பறந்துபோய்ச் சில வாரங்கள் வாழும், தேன் குடிக்கும், இணை சேரும், முட்டையிடும். சிறகு பெற்றபின் இலையைக் கடிக்க அதற்கு வாய் கிடையாது, உறிஞ்சும் குழல் ஒன்றே உண்டு. ஆகவே பூவின்மேல் அமர்ந்த பட்டாம்பூச்சியை அடிக்கும் மருந்து பயிரை எந்தத் தீங்கிலிருந்தும் காப்பதில்லை.

அந்த வெண்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி, ஓட்டு வீட்டின் ஓடுகளைப்போல் வரிசையாய் அடுக்கிய செதில்களேயாகும். மற்றப் பல பூச்சிகளில் வெண்மை என்பது நிறமின்மை. இவ்வினத்திலோ அது தனி ஒரு சாயப்பொருள். ஆங்கிலேய ரசாயன சாஸ்திரியான ஹாப்கின்ஸ் என்பவர் 1890-களில் இச்சிறகுகளை ஆராய்ந்து அப்பொருளைக் குறித்து எழுதினார். அவரே பிற்காலத்தில் வைட்டமின்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றவர். ஜெர்மானிய சாஸ்திரிகள் 1920-களில் அச்சாயத்தைப் பிரித்தெடுத்து, சிறகைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘டெரின்’ என்று அவ்வகைப் பொருள்களுக்குப் பெயரிட்டார்கள். மறுபுறம், பம்பாய் ஆலைத் தொழிலாளரில் கர்ப்பிணிகளுக்கு நேர்ந்த கடுஞ்சோகையை 1928 முதல் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற வைத்திய அம்மையார், உணவிலுள்ள ஏதோ ஒரு சத்து அதைத் தீர்ப்பதைக் கண்டார். 1941-இல் பசுங்கீரையினின்று பிரித்தெடுக்கப்பட்டு, இலையின் பெயராலேயே போலிக் அமிலம் என்று அழைக்கப்பட்ட சத்துதான் அது. அதன் அமைப்பின் ஒரு பாகம் பட்டாம்பூச்சிச் சிறகில் உள்ள அதே டெரின் வகுப்பைச் சேர்ந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கீரை கொடு என்று வைத்தியர் சொல்வதும், கீரைமேல் பறக்கும் வெள்ளைச் சிறகும் இவ்வாறு ஓர் உறவு பூண்டிருக்கின்றன. இது பயிர்த்தொழிலுக்கு நேரே உபயோகப்படும் செய்தி அன்று. ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இப்பொழுது முக்கியமான விஷயம். தாய்ப்பூச்சி எந்த இலையில் முட்டையிடுவது என்று எப்படித் தீர்மானிக்கிறது? கண்ணால் பச்சையைக் கண்டு இறங்கும். இறங்கியதும் முன்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கும். பட்டாம்பூச்சிக்குப் பாதத்திலே நாக்கு இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது. சுவை சரியாயிருந்தால் வயிற்றை வளைத்து முட்டையிடும்; இல்லாவிடில் பறந்துவிடும். கீரைப் பாத்தியில் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்து போகும் வெள்ளைப் பூச்சி இப்படிச் சோதித்துவிட்டு, “இது வேண்டாம்” என்று போகிற பூச்சியே.

கோசு வெள்ளைகள் தேடும் சுவை கடுகின் காரம். ஹாலந்து தேசத்து வெர்ஷாபெல்ட் என்னும் சாஸ்திரி 1910-இல் ஒரு சோதனை செய்தார். கோசுப் புழு தொடாத வேற்றுச் செடிகளின் இலையில் கடுகுக் காரத்துக்கு மூலமான சத்தைத் தடவி வைத்தார். புழு அவற்றையும் தின்றது. மற்றப் பூச்சிகளுக்கு நஞ்சாகும் அக்காரம் இப்புழுவுக்கு மட்டும் ஏன் தீங்கு செய்வதில்லை என்பதும் 2004-இல் விளங்கிற்று. அதன் குடலில் உள்ள ஒரு புரதம், காரம் உண்டாகாதபடி அச்சத்தை வேறு வழியில் திருப்பிவிடுகிறது.

கடுகுக் காரம் கடுகுக்கும் கோசுக்கும் மட்டும் உரியதன்று. முருங்கையிலும் பப்பாளியிலும் அதன் இனத்துச் சத்துக்கள் உண்டு. செங்கற்பட்டுப் பக்கத்து முட்புதர்களில் வளரும் ஆதொண்டை, விழுதி, நல்வேளை, நாய்க்கடுகு முதலியவற்றிலும் உண்டு. அங்கேதான் தாம்பரத்து வெள்ளைகளில் ஒரு பகுதி குடியிருக்கிறது. சிறகின் ஓரமும் நரம்பும் கறுத்த வெள்ளை ஒன்று விழுதியிலும் ஆதொண்டையிலும் கூட்டமாய்ப் புழு வைக்கும். இன்னொன்று மிகச் சிறியது. சிறகில் ஒரே ஒரு கரும்பொட்டு. நிலத்தை ஒட்டி, காற்றில் அலையும் காகிதத் துண்டைப்போல் தள்ளாடிப் பறக்கும். இவை கோசு வெள்ளையின் பங்காளிகள். சொந்தக்காரன் கோசுத் தோட்டத்துக்குப் போனான். இவை வேலியிலேயே தங்கிவிட்டன.

மற்றொரு பகுதி அவரைக் குடும்பத்து மரஞ்செடிகளில் வாழ்வது. இவ்வெள்ளை இனத்தின் பழைய உணவே அதுதான் என்றும், பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை மட்டும் காரச்செடிக்கு மாறிற்று என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். சரக்கொன்றைத் தளிரில் வளரும் பசுமஞ்சள் கலந்த பெரிய வெள்ளையும், ஆவாரையிலும் தகரையிலும் வளரும் அதன் தங்கையும் இக்கிளையில் சேர்ந்தவை. தாம்பரத்தில் அதிகமாய்க் கண்ணில் படுவனவும், ஈரமணலில் கூட்டமாய் உட்காருவனவும் பெரும்பாலும் இவையே. மணலில் அமர்பவை ஆண்கள். அவை உறிஞ்சுவது உப்பு. இணைசேரும்போது அவ்வுப்பு பெண்ணிடம் சேர்ந்து முட்டைக்குப் பயன்படுகிறது.

மூன்றாவதாக ஒன்று. மேற்புறம் வெள்ளையும், அடிப்புறம் மஞ்சளும், ஓரத்தில் செம்பொட்டுக்களும் கொண்ட அழகிய பூச்சி மாந்தோப்புகளில் உயரப் பறக்கும். இதன் புழு தின்பது மாவிலை அன்று. மாமரத்தின் உயிரை உறிஞ்சும் புல்லுருவியின் இலையையே அது தின்கிறது. தோப்புக்காரனுக்கு இதைவிட நல்ல விருந்தாளி கிடைப்பதரிது. புல்லுருவியை இப்புழுவே முற்றிலும் ஒழித்துவிடும் என்று நம்பிச் சும்மா இருக்கலாகாது. புல்லுருவி பற்றிய கொம்பைத் தறிப்பதே வழி. ஆனாலும் உதவிக்கு வருகிறவனை மருந்தடித்துக் கொல்ல வேண்டிய அவசியமில்லை.

இந்த இனம் முழுவதும் சாது என்று சொல்லுவது நேர்மையாகாது. சிறு மஞ்சட் பூச்சியின் புழு அகத்தியைத் தின்னும். ஆவாரையில் வளரும் வெள்ளையின் புழு, திருநெல்வேலிச் சீமையில் மருந்துக்காகப் பயிராகும் நிலாவிரைக்குப் பெரிய சத்துரு. சரக்கொன்றை நாற்றங்காலில் சில சமயம் இளங்கன்றுகள் மொட்டையாகும். வெள்ளை இனத்தைச் சேராத, கறுப்பும் மஞ்சளும் கலந்த எலுமிச்சைப் பூச்சியின் புழு கறிவேப்பிலைக் கன்றையும் எலுமிச்சைக் கன்றையும் விடாது. முதலில் பறவை எச்சம் போலவும் பின் பச்சையாகவும் அது தோன்றும். இவற்றுக்கெல்லாம் கையால் பொறுக்குவதே போதுமானது. பத்துக் கன்றுக்கு ஒரு புட்டி மருந்து வாங்குவது வரவுக்கு மிஞ்சிய செலவு.

இனி உண்மையான குற்றவாளி. சமவெளியில் குளிர்காலத்தில் முட்டைக்கோசும் பூக்கோசும் வைக்கிறவர்களுக்கு நஷ்டம் விளைவிப்பது வைரமுதுகு அந்துப்பூச்சி. சிறகை மடித்து உட்கார்ந்தால் முதுகில் வெளிறிய வைர வடிவங்கள் மூன்று தெரியும். புழு பச்சை, அரை அங்குல நீளங்கூட வராது, தொட்டால் துள்ளித் துடித்து, நூலிழையில் கீழே தொங்கும். இலையின் ஒருபுறத் தோலை மட்டும் விட்டுவைத்துத் தின்பதால், இலையில் கண்ணாடிச் சன்னல் வைத்தாற்போலத் தோன்றும். வெயிற்காலத்தில் முட்டை முதல் அந்துவரை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு விரைவாகத் தலைமுறை மாறுவதால் மருந்துக்கும் விரைவில் பழகிவிடுகிறது. டி.டி.டி. மருந்துக்கு இது அசையாமற் போனது ஜாவாத் தீவில் 1953-இலேயே குறிக்கப்பட்டது. புழுக்களுக்கு நோய் உண்டாக்கும் பாக்டீரியத்தினின்று செய்த மருந்தையும் இது தாங்கிக்கொண்டதாக ஹவாய்த் தீவிலிருந்து 1990-இல் செய்தி வந்தது. ஆகவே ‘இன்னும் கொஞ்சம் அதிகமாய் அடி’ என்னும் யோசனை இப்பூச்சியிடம் செல்லாது. கீரைப் பாத்தியில் இலைகளைப் பின்னித் தின்னும் புழுவும் இவ்வாறே ஓர் அந்தின் புழு. அதன் தாய் பழுப்புச் சிறகில் வெண்கோடு கொண்டது. அந்தி வேளையில் செடியை உலுக்கினால் சிறிது தூரம் பறந்து மறுபடி இலையடியில் ஒளியும்; பகலில் பூவில் உலாவாது. பகலில் பகட்டாய்ப் பறப்பதன்மேல் கோபங்கொண்டு, இரவில் வருவதை மறந்துவிடுவது மனித சுபாவம் போலும்.

இதற்குச் செய்ய வேண்டுவன கடினமானவை அல்ல. முட்டைக்கோசு 25 வரிசைக்கு இருபுறமும் ஒவ்வொரு வரிசை கடுகு விதைப்பது ஒரு முறை. கோசு நாற்று நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசையும், நட்ட 25 நாளில் மற்றொரு வரிசையும் விதைக்கவேண்டும். அந்து கடுகை விரும்பிப்போய் அதில் முட்டையிடும். மருந்தைக் கடுகின்மேல் அடித்தால் போதும். மற்றொரு முறை வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஒரு இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, 100 லிட்டராக நீர் கலந்து, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் இலையடி நனையும்படி தெளிக்கவேண்டும். வெயிலில் அதன் வீரியம் குறையுமாதலால் மாலை வேளை விதிக்கப்படுகிறது. உடனே புழு சாகவில்லையே என்று குறைகூறுவோர் உண்டு. அது தின்பதை நிறுத்தும். தோலுரிக்க முடியாமற் போகும். இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கவேண்டும்.

கோசு விளையும் மலைநாட்டார் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. செத்த புழுவின் பக்கத்தில் சிறு மஞ்சள் பஞ்சுக்குவியல் போல் காணப்பட்டால் அதைப் புழுவின் முட்டை என்று எண்ணி நசுக்கிவிடுகிறார்கள். முட்டையிடுவது பட்டாம்பூச்சியே தவிரப் புழு அன்று என்பதை நினைத்தால் இத்தவறு நேராது. அப்பஞ்சு, புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் சிறு குளவியின் கூடுகள். குடியானவனுக்குச் சம்பளமில்லாத காவற்காரன் அக்குளவி. 1880-களில் அமெரிக்கச் சர்க்கார் அதை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவழைத்துத் தங்கள் கோசுத் தோட்டங்களில் விட்டார்கள். இங்கோ இலவசமாய் வந்ததை விரலால் நசுக்குகிறார்கள். அல்லது மருந்தால் கொல்லுகிறார்கள். அதே மருந்தால் தேனீயும் மடிகிறது. பாகல், புடல், பூசணி முதலிய கொடிகள் பூத்தும் காய் பிடிக்காமல் உதிர்வதற்கு அது ஒரு காரணமாகலாம். பட்டாம்பூச்சி மகரந்தம் சேர்ப்பதில் தேனீக்கு ஈடாகாது என்பதும் இங்கே ஒப்புக்கொள்ளத்தக்கதே.

இந்த ஞானம் புதிதாய் வந்ததல்ல. சைதாப்பேட்டையில் 1865-இல் சர்க்கார் மாதிரிப் பண்ணையும், 1876-இல் விவசாயப் பாடசாலையும் நடந்தன. அப்பாடசாலையே பின்பு கோயம்புத்தூருக்கு மாறிற்று. தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி பிளெட்சர் எழுதிய புஸ்தகம் 1914-இல் சென்னை சர்க்கார் அச்சகத்திலேயே வெளியாயிற்று. இராமகிருஷ்ண ஐயர் எழுதிய பயிர்ப்பூச்சி நூல் 1940-இல் வந்தது. எந்தப் பூச்சி எதைத் தின்னும் என்பது எழுதப்பட்டு நூறாண்டு கடந்துவிட்டது. புஸ்தகசாலையிலிருந்து கீரைப் பாத்திக்கு வருவதற்குத்தான் அதற்கு இன்னும் வண்டி கிடைக்கவில்லை.

வேலியைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. விளைநிலம் மனையாகிறது, மனையைச் சுற்றிக் கல்சுவர் எழும்புகிறது, ஆவாரையும் விழுதியும் ஆதொண்டையும் இருந்த உயிர்வேலி போய்விடுகிறது. விழுதி போனால் அதில் வாழும் வெள்ளையும் போகும். அதற்கு வேறு இலை தெரியாது. பழைய முட்புதர்க் காடு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நன்மங்கலம் காப்புக்காடும், வண்டலூரும், 1937-இல் தாம்பரத்துக்கு மாறிவந்த கிறிஸ்தவக் கல்லூரியின் விசாலமான வளாகமும் மிச்சமிருக்கின்றன. அங்கே மழைக்குப் பின் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால், இங்கே சொல்லப்பட்ட பூச்சிகளில் பெரும்பாலானவற்றை நேரிலே காணலாம். தமிழக சர்க்கார் 2019-இல் தமிழ் மறவன் என்னும் பட்டாம்பூச்சியை மாநிலத்தின் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். அது மலைக்காட்டில் வாழ்வது; அதற்குக் கிடைத்த கௌரவத்தில் சிறு பங்காவது வேலியோரத்து வெள்ளைக்கும் சேரலாம்.

சில பருவங்களில் இவ்வெள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஒரே திசை நோக்கிப் பறந்து செல்லும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்பட்ட இத்தகைய யாத்திரைகளைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டி வில்லியம்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1927-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலங்கையில் சிவனொளிபாத மலைக்குச் சிங்களவர் வழங்கும் பெயர்களில் ஒன்று பட்டாம்பூச்சி மலை என்றே பொருள்படும். கூட்டமாய்ச் செல்லும் பூச்சிகள் அம்மலையைத் தரிசித்து உயிர்விடப் போகின்றன என்பது அங்குள்ள ஜனங்களின் நம்பிக்கை. அவ்வாறு ஊரைக் கடந்துபோகிற கூட்டத்தைக் கண்டு மருந்துக் கடைக்கு ஓடுவது எவ்வளவு வீண் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாலைக்குள் அவை அடுத்த தாலுகாவுக்குப் போயிருக்கும்.

கூட்டுறவுச் சங்கம் இதில் செய்யத்தக்கது என்னவென்று சிலர் கேட்கலாம். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தவுடன் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூர் கிராமத்தில் முதல் கடன் சங்கம் ஏற்பட்டது. இப்பிரதேசத்துக்கு அப்பெருமை உண்டு. கடன் கொடுப்பதோடு, கடன் எதற்குச் செலவாகிறது என்று பார்ப்பதும் அத்தகைய சங்கங்களின் வேலையாகவே கருதப்பட்டு வந்திருக்கிறது. ஒரு ஏக்கர் கோசுக்கு ஒரு முறை தெளிக்க ஏறக்குறைய 200 லிட்டர் சாறு, அதாவது 10 கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். ஒவ்வொரு குடியானவனும் தனித்தனியே அதைச் சேர்ப்பது சிரமம். ஆனியிலும் ஆடியிலும் சாலையோர வேம்புகளில் பழம் உதிர்ந்து மண்ணோடு மட்கிப் போகிறது. பிள்ளைகளும் பெண்களும் பொறுக்கி வருவதைச் சங்கம் விலைகொடுத்து வாங்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகும் சாக்கில் கட்டி வைத்தால், ஐப்பசி முதல் தை வரை உள்ள காய்கறிப் பருவத்துக்கு அது உதவும். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட கொட்டையில் வீரியம் குறைந்துவிடுமாதலால், சாக்கின்மேல் வாங்கிய மாதத்தை எழுதிவைப்பது அவசியம். அதே கிடங்கின் சுவரில், வெள்ளைப் பூச்சி ஒன்றையும் வைரமுதுகு அந்து ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த ஒரு படம் மாட்டினால், கடன் கேட்டு வருகிறவர்கள் காத்திருக்கும் நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.